ஹோம் பிள்ளைகள், சொந்தப் பிள்ளைகள், ஒரே பந்தி: இப்படி வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்

முந்திரிக்காட்டு அம்மா:

கடலூர் மாவட்டம் குள்ளஞ்சாவடி பக்கம் ஒரு கிராமத்துக்கு நானும் வீட்டுக்காரரும் ஊழியத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சபை சின்னது, வீட்டில் வைத்துப் பார்க்க ஆளோ வசதியோ இல்லாத பிள்ளைகள் தங்கும் ஹோம்தான் பெரிய வேலை. இப்போது 22 பிள்ளைகள், அவர்களோடு எங்கள் பிள்ளைகள் இருவர், மகளுக்கு 10, மகனுக்கு 6. வந்த புதிதிலேயே ஒன்று முடிவு செய்தோம், நமக்கென்று தனி அடுப்பு கிடையாது, அவர்கள் சாப்பிடுவதைத்தான் நாமும் சாப்பிடுவது என்று. இன்றுவரை அப்படித்தான். பலாப்பழக் காலத்தில் கஷ்டமே இல்லை, பண்ருட்டிப் பழம் ஒன்று அறுத்தால் எல்லார் கைக்கும் சுளை வந்துவிடும். நெத்திலி மலிவாக வந்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் வஞ்சிரம் வாங்க முடியுமா? மகளுக்கு அது என்றால் உயிர். முதுநகரிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் அவள் வெளியே வருவதில்லை.

போன மாதம் அவள் பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். "நாம நாலு பேர் மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிடணும்மா" என்றாள். எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் நாம் இங்கே வந்ததற்கே அர்த்தம் இல்லை என்கிறார், அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது எங்களுக்கென்று தனியாகச் சமைக்கலாமா? தப்பா?

முத்தியால்பேட்டை பாஸ்டர் பையன்:

அக்கா, நான் உங்கள் மகள் இடத்தில் இருந்தவன். நெல்லிக்குப்பம் பக்கம் அப்பா ஹோம் நடத்தினார். 2011 டிசம்பர் 30, தானே புயல் வந்த காலை எனக்கு 12 வயது. கிறிஸ்துமஸ் லீவுக்குப் போக இடமில்லாத பிள்ளைகள் எல்லாரும் ஹோமில்தான் இருந்தார்கள். ஷீட் பறக்க ஆரம்பித்ததும் அப்பா எங்களை ஜெப ஆலயத்துக்குள் ஓட்டிவந்து வரிசையாக எண்ணினார். "முப்பத்தொண்ணு, சரியா இருக்கு" என்றார். அந்த முப்பத்தொன்றில் நானும் ஒருவன். என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத் தொட்டு எண்ணிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விட்டார். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்குப் புரிகிறது, ஆனால் பல வருடம் அதை மனசில் வைத்திருந்தேன்.

அம்மாதான் என்னை மீட்டார். வாரம் ஒரு சாயங்காலம், மாவு அரைக்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு என்னை மட்டும் அழைத்துப் போவார். மாவு மில் பக்கத்து டீக்கடையில் ஆளுக்கு ஒரு போண்டா. அவ்வளவுதான், ஆனால் அதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். தனி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள் அக்கா, வறுவல் வாசனை 22 பேருக்கும் போகும். வெளியே போய்ச் சாப்பிடுங்கள். அப்புறம், மகளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக்கி விடாதீர்கள், என் தங்கச்சி அதில்தான் ரொம்ப வாடிப் போனாள்.

தேவனாம்பட்டினத்துப் பொண்ணு:

நான் ஹோமில் வளர்ந்தவள். 2004 சுனாமியில் அப்பா போனார். அம்மா இருந்தார், ஆனால் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் எங்களுக்கு யார் அவர்கள் சொந்தப் பிள்ளை என்று முதல் நாளே தெரியும். அந்த அக்கா எங்களோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா பொரிவிளங்காய் உருண்டை செய்து எடுத்துக்கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவோம். எல்லாருக்கும் பங்கு வை என்று ஹோமில் ஒருவரும் சொன்னதில்லை, அந்த அரை மணி நேரம் எனக்கு மட்டும். உங்கள் மகளும் அதைத்தான் கேட்கிறாள் அம்மா.

மேலே எழுதிய அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மாவு மில் என்று பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பதை நம்பி கேட்டில் நின்ற பிள்ளைகள் நாங்கள். இன்றைக்கு என் பிள்ளைகளோடு வெளியே போகிறேன், ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்று நேராகச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள், போதும். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு எல்லாரையும் சேர்த்து பெண்ணையாற்றுக்கு அழைத்துப் போங்கள், அது வேறு சந்தோஷம்.

குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்:

நீங்கள் வெளியே போகும் நாலு மணி நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? இத்தனை பிள்ளைகளுக்கும் நீங்கள் இருவர் மட்டும் என்றால் உடனே ஆள் போடுங்கள், பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மதர் இல்லாமல் நடத்தினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நஷ்டம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஹோமுக்குப் பதிவு இருக்கும், அது ஐந்து வருடத்துக்குத்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாராவது குழந்தையை வாசலில் விட்டுப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிடுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். 22 பேரில் எத்தனை பேருக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள்? வறுமைக்காக மட்டும் விட்டுப் போயிருந்தால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், குழந்தை வீட்டிலேயே வளரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஹோம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

முந்திரிக்காட்டு அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது பேருக்கு அம்மா இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கடலூர் போய் அந்த அலுவலகத்தில் கேட்கப் போகிறேன். முப்பத்தொன்று என்று எண்ணிய விஷயத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை, அப்புறம் எழுந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சில்வர் பீச், நாலு பேர். சமையல் அக்காவும் அவர் தங்கையும் ராத்திரி வரை இருப்பார்கள். பிள்ளைகளிடம் நானே நேராகச் சொன்னேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி மட்டும் "எங்க அம்மா எப்ப வருவாங்க" என்று கேட்டாள். அவள் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஷிப்ட் முடிய ஒன்பது மணி ஆகும். இன்றைக்கு அவளைத் தூங்க வைக்காமல் வைத்திருக்கிறேன், பேச வைக்க வேண்டும்.