ரிவ்யூல 9/10 போட்டா நம்பி வாங்கலாமா?

காரைக்குடி_கேமர்:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு அப்பத்தா, மாமா எல்லாம் குடுத்த காச சேத்து வச்சு ஒரு புது கேம் வாங்குனேன், பெரிய பெரிய சைட்ல எல்லாம் 9, 9.5னு போட்டுருந்தாங்க. என்கிட்ட இருக்குறது பழைய 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, செட்டிங் எல்லாத்தையும் லோல வச்சும் கூட்டமான தெருவுக்குள்ள போனா படம் விட்டு விட்டு ஓடுது. காசு வாங்கிட்டுத்தான் மார்க் போடுறாங்களா? ரொம்ப மனசு விட்டுப் போச்சு.

தேவகோட்டை_பிசி:
தம்பி, எல்லாரும் காசு வாங்குறாங்கன்னு சொல்றது அநியாயம். 2007ல கேம்ஸ்பாட்ங்கிற ரிவ்யூ சைட்ல எழுதுன ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்'ங்கிற கேமுக்கு 10க்கு 6 போட்டாரு, அப்ப அந்த சைட்லயே அந்த கேம் விளம்பரம் பெருசா ஓடிக்கிட்டு இருந்துச்சு, கொஞ்ச நாள்லயே அவர வேலைய விட்டு தூக்கிட்டாங்க. விளம்பரக்காரன் அழுத்தம் இருக்குங்கிறதும் உண்மை, வேலை போனாலும் மனசுல பட்டத எழுதுற ஆளு இருக்காங்கிறதும் உண்மை.

எனக்கு பெரிய கோவம் வேற எடத்துல. சைபர்பங்க் 2077ங்கிற கேம் வந்தது 2020 டிசம்பர் 10, அதுக்கு முன்னாடி ரிவ்யூக்கு குடுத்தது பிசி காப்பி மட்டுந்தான், அதுலயும் சொந்தமா எடுத்த வீடியோவ முதல்ல காட்டக்கூடாதுன்னு கண்டிஷன், மார்க்கெல்லாம் அள்ளிக் குவிஞ்சுச்சு, அத நம்பி சோனியோட கேம் மெஷின் பிஎஸ்4ல வாங்குனவங்களுக்கு கேம் பாதில நின்னுச்சு, ஆளுங்க மூஞ்சியே சரியா வரல, கடைசில சோனியே அத ஸ்டோர்ல இருந்து எடுத்துருச்சு. எழுதுனவங்க பொய் சொல்லல, அவங்க ஆடுன மெஷின் வேற, மக்க வாங்குனது வேற. உனக்கு நடந்ததும் அதேதான்.

பள்ளத்தூர்_ராஜா:
யூடியூப்காரங்க மட்டும் என்ன, அவங்களுக்கும் கேம் ஓசிலதான் வருது. நான் மார்க்கவே பாக்குறதில்ல. உன் கார்டு பேரப் போட்டு தேடுனா எவனாவது ஒருத்தன் அதுலயே ஓட்டிக் காமிச்சிருப்பான், வெளியாகி ஒரு வாரம் பொறுத்துப் பாரு.

தேவகோட்டை_பிசி:
ஆமா ராஜாண்ணே, அதான் சரி. தம்பி, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வாங்கிருந்தா வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா ஆடிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். நேரம் எவ்வளவு காட்டுதுன்னு மொதல்ல பாரு, அதுவரைக்கும் கேம தொறக்காத.

காரைக்குடி_கேமர்:
ஒன்றரை மணி நேரம் காட்டுதுண்ணே, இப்பவே போடுறேன்.