மறு: லேமல்லர் கவசம் – ‘செதில்’ வேண்டாம், ‘நிணப்பு’ எப்படி?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

சாமுராய் கவசக் கட்டுரைக்காக, சிறிய தகடுகளைக் கயிற்றால் கட்டிச் செய்யும் ‘லேமல்லர்’ கவசத்துக்குத் தமிழ்ச்சொல் கேட்டது நான்தான். கேட்டுவிட்டு ஒரு வாரமாக ஆளைக் காணோமே என்று சிலர் கடிந்திருக்கிறீர்கள். கவசத்தைத்தான் கோத்துக்கொண்டிருந்தேன். (கோர்த்து அல்ல, கோத்து. அதற்கு இன்னொரு இழை வேண்டாம், நான் உங்கள் கட்சிதான்.)

> ‘செதிற்கவசம்’ போதுமே. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய கவசம் வேறொன்று இருக்கிறது. துணியிலோ தோலிலோ தகடுகளை மேல்விளிம்பில் தைத்துத் தொங்கவிடுவது, ரோமானியர்களிடம் இருந்தது. மீனுக்குச் செதில் தோலில் ஒட்டியிருக்கிறதே, அப்படி. ஜப்பானியருடையதில் அடித்துணி கிடையாது. தகட்டைப் பக்கத்துத் தகட்டோடு கட்டுகிறார்கள், அந்த வரிசையைக் கீழ்வரிசையோடு கட்டுகிறார்கள். கயிற்றை உருவிவிட்டால் மிஞ்சுவது ஒரு கூடைத் தகடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கட்டுரையில் மூன்றாவது பத்தியிலேயே மாட்டிக்கொள்வேன்.

> தகட்டுக்குத் தனிச்சொல் வேண்டுமா?

வேண்டும், ஆனால் சுலபம். ஜப்பானியர் அதைக் ‘கொசானே’ என்கிறார்கள். ‘கோ’ சிறியது, ‘சானே’ தகடு. லத்தீன் ‘லாமெல்லா’வும் ‘லாமினா’வின் குறுமை, சிறிய தகடுதான். ஒருவரை ஒருவர் கேளாமல் இருவரும் ஒரே பெயரை வைத்திருக்கும்போது நாம் மட்டும் வில்லை, இதழ், பொருக்கு என்று அலைவானேன்? ‘சிறுதகடு’ என்றே வைத்துவிடலாம்.

இழுபறி, தகடுகளைச் சேர்க்கும் கயிற்றுக் கட்டுக்கு என்ன பெயர் என்பதில்தான். அதைச் சொல்லும் முன் செய்முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பழைய முறையில் சிறுதகடு இரும்பு, அல்லது கெட்டிப்படுத்திய பச்சைத்தோல். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகப் பதின்மூன்று பதினான்கு துளைகள். ஒன்றின் பாதியை அடுத்தது மூடும்படி அடுக்குவதால் எங்கும் இரட்டைக் கனம். பக்கவாட்டில் கட்டி முடித்த வரிசையின் மேல் அரக்கு போலப் பளபளக்கும் உருஷி மரப்பாலைப் பூசுவார்கள். வரிசை ஒரே பலகையாக இறுகிவிடும். பிறகு பட்டுக்கயிற்றாலோ தோல்வாராலோ பலகைக்குக் கீழ் பலகையாகத் தொங்கவிடுவார்கள். அந்தத் தொங்கலில்தான் அசைவு முழுவதும். குனிந்தால் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், நிமிர்ந்தால் இறங்கும்.

நான் செய்வது பிரம்புச் சண்டைக்கு. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்ற அமைப்பின் ஆட்டம் இது. வாளுக்குப் பதில் தடித்த பிரம்பு. அடி சரியாக விழுந்ததா இல்லையா என்பதை அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். (நம் ஊர் கிரிக்கெட்டுக்கு இந்த விதி வந்தால் ஒரு ஆட்டமும் முடியாது.) விளையாட்டு என்றாலும் அடி உண்மையான அடி. தலைக்கவசம் 1.6 மி.மீ. எஃகுக்குக் குறையக் கூடாது, முகக் கம்பிகளின் இடைவெளி ஓர் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முழங்கால், முழங்கை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் கெட்டியான காப்பு வேண்டும். மற்ற இடங்களுக்கு என்ன பொருள் என்பதில் கெடுபிடி அதிகம் இல்லை. அதனால் பலரும் ஊறுகாய் வரும் நீல பிளாஸ்டிக் டிரம்மை அறுக்கிறார்கள். நானும் அறுத்தேன். வெயிலில் எடை தெரியாது, துரு ஏறாது. தனித்தனிச் சிறுதகடாக வெட்டாமல் ஒரு வரிசையை ஒரே பட்டையாக வெட்டி, மேல்விளிம்பைப் பல் பல்லாகச் செதுக்கிவிட்டால் தூரத்தில் அசல் மாதிரியே இருக்கும். இது திருட்டுவேலை இல்லை, பழைய ஜப்பானியக் கவசக் கம்மியரே இரும்புப் பட்டையில் செய்த வேலைதான்.

அறுத்ததும் துளைத்ததும் ஒரு சனி ஞாயிறு. கயிறு கட்டத்தான் மாதக்கணக்கு. பிரம்படியில் பிளாஸ்டிக் உடைவதில்லை, கயிறு அறுகிறது. இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டுகிறது, தளர்த்தினால் இடுப்பில் இடிக்கிறது. இந்தக் கவசத்தின் உயிர் கயிற்றில் இருக்கிறது என்பது படித்தல்ல, விரல் நுனி தோலுரிந்து தெரிந்துகொண்டது. எனவே பெயரும் கயிற்றிலிருந்து வரட்டும்.

ஜப்பானியர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டோக்கியோவை அடுத்த மலையில் முசாஷி மிதாகே கோயிலில் ஒரு 12ஆம் நூற்றாண்டுக் கவசம் இருக்கிறது, அங்கே தேசியச் செல்வம். ஹதாகேயாமா ஷிகேதாதா என்ற சாமுராய் காணிக்கையாகத் தந்தது என்பது மரபு. அதன் பெயரில் அவரும் இல்லை, இரும்பும் இல்லை. ‘அகாஇதோ ஒதோஷி ஓயோரோய்’, அதாவது செந்நூலால் கட்டிய பெருங்கவசம். ‘ஒதோஷி’தான் நாம் தேடும் கட்டு. ‘ஓ’ கயிறு, ‘தோஷி’ ஊடே செலுத்துவது; அதிலிருந்து பிறந்த சொல். எழுதும்போது மட்டும் ‘அச்சுறுத்தல்’ என்ற பொருளுள்ள எழுத்தைப் போட்டுக் கம்பீரமாக்கிக்கொண்டார்கள்.

> கோவைக் கவசம்?

கோயமுத்தூரிலிருந்து பார்சலில் வந்தது போல இருக்கிறது.

> கோப்புக் கவசம்?

கோப்பைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஆன்டிவைரஸ் என்று நினைப்பார்கள்.

> தொடைக் கவசம். மாலை தொடுப்பது போல.

இலக்கணம் சரி அம்மா. ஆனால் தொடைக்கு என்றே ஒரு காப்பு இதில் உண்டு, ‘ஹைதாதே’. அதை என்ன செய்வது?

> வரிதல் என்றால் கட்டுதல். வரிக் கவசம்!

‘வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தான்’ என்ற வழக்கை நினைத்து எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ‘வரிக் கவசம்’ என்றால் ஆடிட்டர் விற்பது.

என் பரிந்துரை ‘நிணப்பு’. நிணத்தல் என்றால் கட்டுதல், பின்னுதல். புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு போரின் வேகத்துக்கு உவமை சொல்கிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை, பொழுது வேறு சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டில் நிணக்கிறவன் கையில் ‘போழ்தூண்டு ஊசி’ எப்படிப் பாயும், அப்படி நடந்ததாம் சோழன் கிள்ளியின் போர். போழ் என்பது தோல்வார். சட்டத்தின் ஊடே வாரை ஊசியால் செலுத்தி இழுத்துக் கட்டும் வேலை. ஒதோஷி இதுவேதான். கயிற்றில் கட்டினால் நூல் நிணப்பு, தோலில் கட்டினால் போழ் நிணப்பு. துளை விடாமல் நெருக்கிக் கட்டும் ‘கெபிகி’ நெருக்க நிணப்பு. இரட்டை இரட்டையாக இடைவிட்டுக் கட்டும் ‘சுகாகே’ இடைவிட்ட நிணப்பு. கவசம், நிணப்புக் கவசம்.

அன்புடன்

---

ஐயா, இரண்டு ஐயங்கள்.

நிணம் என்றால் கொழுப்பு. ‘நிணப்புக் கவசம்’ என்றால் என் தொப்பைக்குப் பெயர் வைத்தது போல இருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் கனமானது. 16ஆம் நூற்றாண்டில் நிறைய கவசங்களில் மார்புப் பகுதியைக் கயிற்றால் கட்டவே இல்லை, தகடுகளை ஆணி அறைந்து சேர்த்துவிட்டார்கள் என்று படித்தேன். அதையும் நிணப்புக் கவசம் என்பீர்களா?

---

தொப்பையை ஏற்றுக்கொள்கிறேன். என் கவசத்துக்குள் இருப்பதும் அதுதான். ஆனால் நிணம் என்ற பெயரும் நிணத்தல் என்ற வினையும் ஒரே காலத்தில் வாழ்ந்த சொற்கள். புறப்பாட்டைக் கேட்டவர்கள் கட்டிலில் கொழுப்புத் தடவுவதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி என்னைத் திருத்துகிறது. நீங்கள் சொல்வது ‘ஒகேகாவா டோ’ என்ற மார்புக் கவசம். 1543இல் ஜப்பானின் தானேகஷிமா தீவில் துப்பாக்கி இறங்கியது, போர்கள் பெரிதாயின, ஆயிரக்கணக்கில் கவசம் வேண்டியிருந்தது. உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. நெருக்க நிணப்பின் குறைகளை கவசங்களைப் பற்றி நூல் எழுதிய சகாகிபாரா கோஸான் 1800இல் எழுதியே வைத்திருக்கிறார். நனைந்தால் காயாது, பாரம் கூடும், குளிரில் உறையும், பேன் அடையும், ஈட்டி முனை வழுக்கிப் போகாமல் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். மழைநாளில் ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் முதல் இரண்டுக்கும் நான் சாட்சி. பேன் இன்னும் வரவில்லை.

ஆகவே பொதுப்பெயராக நிணப்புக் கவசத்தை வைக்க மாட்டேன், லேமல்லருக்கு மட்டும். ஒகேகாவாவுக்குத் ‘தறைத்த கவசம்’ போதும். தறையாணி என்ற சொல் பட்டறையில் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதிலும் இடுப்புக்குக் கீழ் தொங்கும் ‘குசாசூரி’ப் பட்டைகள் கயிற்றில்தான் தொங்குகின்றன. அந்தப் பகுதியைப் பேசும்போது நிணப்பு திரும்ப வந்துவிடும்.

ஒகேகாவா என்றால் மரத்தொட்டியின் பக்கப்பலகை என்று பொருள். நான் ஊறுகாய் டிரம்மை அறுத்துச் செய்ததை நண்பர்கள் கேலி செய்தபோது இது தெரியாமல் போயிற்று.

இன்னும் ஒரு சொல் வேண்டும். துளையில் நுழைவதற்காகக் கயிற்றின் நுனியைப் பசையில் தோய்த்து விறைப்பாக்குகிறோம். ஷூ லேஸ் முனையில் பிளாஸ்டிக் இருக்குமே, அந்த இடம். கட்டில் பின்னுகிறவர்களோ பூக்கட்டுகிறவர்களோ இதற்கு ஏதாவது சொல் வைத்திருக்கிறார்களா? ஊருக்குப் போகிறவர்கள் கேட்டு எழுதுங்கள். அதுவரை ‘நுனி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.