அந்தோணியாருக்கு நேர்ச்சை: பக்தியா, பேரமா?

நெல்லைக்காரி:
செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்தை நான் விடுவதில்லை. மகனுக்கு முதல் மொட்டையே உவரி அந்தோணியார் கோயிலில்தான். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு தம்பி, "வேலை கிடைத்தால் அசன விருந்து, காய்ச்சல் நின்றால் உப்பும் மிளகும் காணிக்கை. இது பக்தி இல்லை அக்கா, பேரம்" என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதுவை வாசகன்:
அந்தத் தம்பி பக்கம்தான் நான். லிஸ்பன் பணக்கார வீட்டுப் பிள்ளை அந்தோணியார். மொரோக்கோவில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு வேதசாட்சிகளான பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் இருந்த கோயிம்பிரா நகருக்கு வந்ததும், தான் இருந்த துறவற சபையை விட்டு 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1946இல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பித்த பேரறிஞர் என்ற பட்டம் கொடுத்தது. அவரைப் போய்த் தொலைந்த சாவியைத் தேடித் தரச் சொல்கிறோம்!

கர்த்தரின் பிள்ளை:
சிஸ்டர், "மத்தியஸ்தர் ஒருவரே" என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்லுதே. நேரா இயேசுகிட்ட கேட்காம நடுவுல ஆள் எதுக்கு?

நெல்லைக்காரி:
பிரதர், காய்ச்சல் வந்தால் நீங்கள் பாஸ்டருக்குப் போன் போட்டு ஜெபிக்கச் சொல்வதில்லையா? அதே அதிகாரத்தின் முதல் வசனம், எல்லாருக்காகவும் வேண்டச் சொல்கிறது. அதையும் படியுங்கள்.

கர்த்தரின் பிள்ளை:
பாஸ்டர் உயிரோட இருக்கார். இவர் 1231லயே செத்துட்டார்.

நெல்லைக்காரி:
எங்களுக்கு அவர் செத்தவர் இல்லை. நீங்களும் நாங்களும் பிரிவது அங்கேதான். இங்கே எழுதியா தீரப்போகிறது?

கொழும்பான்:
கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கோ. சைவச் சனமும் வரும், சிங்கள பௌத்தரும் வருவினம். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடிச்ச கோயில், ஜூன் திருவிழாவுக்குத் திறந்தாச்சு. பேரம் பேசுறவை குண்டு வெடிச்ச இடத்துக்குத் திரும்பி வருவினமோ?

பதுவை வாசகன்:
கூட்டம் வருவதை நான் குறை சொல்லவில்லை அண்ணா. வந்து எதைக் கேட்கிறோம் என்பதுதான் என் கேள்வி. 1231 தவக்காலத்தில் இத்தாலியின் பதுவை நகரில் வட்டிக்காரர்களை அவர் கிழிகிழியென்று கிழித்தார். கடன் கட்ட முடியாதவன் அங்கே சிறைக்குப் போவான். அதே மார்ச்சில், இவர் கேட்டுக்கொண்டதால், நகரசபை சட்டத்தையே மாற்றியது: கடனாளி தன் உடைமையை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் போடக்கூடாது. மூன்று மாதத்தில், ஜூன் 13ஆம் தேதி, காலமாகிவிட்டார். கந்துவட்டியில் ஊரே சாகிறது; நம் நவநாள் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

நெல்லைக்காரி:
இது தெரியாது தம்பி, நன்றாகச் சொன்னாய். ஆனால் உவரி மணலில் படுத்துக் கிடப்பவர்களைக் கேட்டுப் பார். பாதிப் பேர் கடன்காரனுக்குப் பயந்து வந்தவர்கள். தங்களுக்காகச் சண்டை போட்டவரைத்தான் தேடி வந்திருக்கிறார்கள், சட்டத்தைப் படிக்காமலே. அவர்கள் நேர்ந்துகொள்ளும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியைப் பேரம் என்றால் எப்படி?

பதுவை வாசகன்:
சரிக்கா, அவர்களை விடுங்கள். பீடத்துக்கு முன்னால் பெரிய சரவிளக்கு வாங்கித் தந்து, கல்வெட்டில் பேர் பொறிக்கச் சொன்ன உங்கள் ஊர் வட்டிக்காரர்?

நெல்லைக்காரி:
அவன் கதை வேறு. அதைப் பங்குச் சாமியாரிடம் கேள்.