ஸ்டாண்ட்பை சர்வர் நகர மறுக்கிறது: முழு டேட்டாபேஸையும் மறுபடி அனுப்பத்தான் வேண்டுமா?

சிம்மக்கல் (கேள்வி):
எங்கள் மொத்த மருந்துக் கடையின் பில்லிங் போஸ்ட்கிரெஸ் 15 (PostgreSQL) டேட்டாபேஸில் ஓடுகிறது. மெயின் சர்வர் சிம்மக்கல்லில், அதன் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை திருமங்கலம் குடோனில். சித்திரைத் திருவிழா வாரத்தில் குடோனில் இணையம் சில நாள் இல்லை. லைன் வந்த பிறகும் ஸ்டாண்ட்பை அப்படியே நிற்கிறது. கேட்ட வால் கோப்பு (WAL, மாற்றங்களை வரிசையாகப் பதியும் கோப்பு) ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று லாகில் ஒரே பிழை. டேட்டாபேஸ் பெரியது, குடோன் லைனோ மெதுவானது. பிஜி_ரீசெட்வால் கட்டளையை ஓட்டச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

திருநகர்:
தயவுசெய்து வேண்டாம். அது இருக்கிற வால் கோப்புகளையே தூக்கி எறிந்துவிடும். அப்புறம் அந்த ஸ்டாண்ட்பை மெயினோடு சேரவே சேராது.

மெயினில் நடந்த மாற்றங்களை வால் கோப்புகளில் படித்து, அதே வரிசையில் மறுபடி செய்வதுதான் ஸ்டாண்ட்பையின் வேலை. நடுவில் ஒன்று இல்லையென்றால் அதைத் தாண்டிப் போகாது, போகவும் கூடாது. செக்பாயிண்ட் (மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டம்) முடிந்ததும் தனக்குத் தேவைப்படாத பழைய கோப்புகளை மெயின் கழித்துவிடும். லைன் இல்லாத நாட்களில் அதுதான் நடந்திருக்கிறது. மெயினில் ஆர்க்கைவ், அதாவது வால் கோப்புகளின் தனிச் சேமிப்பு, உண்டா?

சிம்மக்கல்:
உண்டுங்க. தனி டிஸ்க்கில் சேர்கிறது.

திருநகர்:
அப்படியென்றால் கவலை விடுங்கள். லாகில் 24 எழுத்தில் ஒரு கோப்புப் பெயர் இருக்கும். அதிலிருந்து கடைசி வரை ஆர்க்கைவில் விடுபடாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டாண்ட்பையில் ரீஸ்டோர்_கமாண்டை (கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் அமைப்பு) அந்த இடத்துக்குக் காட்டுங்கள். 14-ஆம் பதிப்பு முதல் இதற்கு அமைப்புகளை ரீலோட் செய்தால் போதும். ஆர்க்கைவில் உள்ளதை முடித்துவிட்டுத் தானே மெயினோடு ஸ்ட்ரீமிங்கில் (மாற்றங்கள் நேரடியாக வரும் தொடர்பில்) சேர்ந்துகொள்ளும். ஒரு கோப்பு குறைந்தாலும் பிஜி_பேஸ்பேக்கப்தான், அதாவது முழு டேட்டாபேஸையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

மேலூர்:
ஒரு கோப்பு வழக்கமாக 16 எம்பி. நிறையச் சேர்ந்திருந்தால் டிஸ்க்கில் போட்டுத் திருமங்கலத்துக்குக் கையிலேயே கொண்டுபோய்விடுங்கள். காப்பி தொடங்குவதற்கு முன்பே மெயினில் வால்_கீப்_சைஸை (மெயின் பிடித்து வைக்கும் பழைய வால் கோப்புகளின் அளவு) கூட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் புதிய கோப்புகளும் கழிந்து, மறுபடி அதே பிழை வரும்.

சிம்மக்கல்:
டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்டோம். ரீப்ளே எண் (ஸ்டாண்ட்பை எதுவரை செய்து முடித்தது என்பது) ஏறி, இப்போது ஸ்ட்ரீமிங் என்றே காட்டுகிறது. ரொம்ப நன்றி! இனி இப்படி ஆகாமலிருக்க ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைக்கலாமா?

மேலூர்:
வையுங்கள், ஆனால் வரம்போடு. ஸ்டாண்ட்பை வாங்காத கோப்புகளை ஸ்லாட் பிடித்து வைத்திருக்கும். லைன் பல நாள் போனால் மெயின் டிஸ்க்கே நிரம்பி பில்லிங் நின்றுவிடும். அந்த வரம்பை வைக்கும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸின் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. மெயின் டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தில் பாதிக்கு மேல் நான் விடமாட்டேன். அந்த அளவு தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், அப்போது மறுபடி ஆர்க்கைவ்தான் கைகொடுக்கும். ஸ்லாட் வந்துவிட்டதென்று ஆர்க்கைவை நிறுத்திவிடாதீர்கள்.