லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறது: டியூன்-அப் மென்பொருளுக்குப் பணம் கட்டலாமா?

டிடிபி_கடை:
வணக்கம். தென்காசி பக்கம் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் 2017-இல் வாங்கியது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறப்பதற்குள் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்.

போன வாரம் இலவச டியூன்-அப் மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டேன். ஸ்கேன் முடிந்ததும் சிவப்பு எழுத்தில் 1,846 பிழைகள் என்றது. 50-ஐ மட்டும் இலவசமாகச் சரிசெய்தது. மீதிக்கு வருடம் 1,499 ரூபாய் கேட்கிறது. வேகம் துளியும் கூடவில்லை. தமிழ் தட்டச்சு மென்பொருள் மறுபடி லைசென்ஸ் எண் கேட்க ஆரம்பித்ததுதான் மிச்சம். பிரௌசரிலும் எல்லா லாகினும் போய்விட்டது. பணம் கட்டினால் சரியாகுமா, இல்லை வேறு நல்ல மென்பொருள் இருக்கிறதா?

வேகப்பிரியன்:
ஏதோ ஒன்றைப் போட்டால் அப்படித்தான். நான் பல வருடமாக சிசிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருள் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) கிளீன், அப்புறம் ஒரு டீஃபிராக் (டிஸ்கில் சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது). லேப்டாப் பறக்கிறது.

ஸ்க்ரூடிரைவர்:
அண்ணாச்சி, பணம் கட்டாதீர்கள். மெதுவாக இருக்கும் நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் எத்தனை சதவீதம் என்று ஐந்து நிமிடம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டார்ட்-அப் பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்பதும் வேண்டும்.

அந்த 1,846-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். நேற்று போட்ட விண்டோஸில் ஸ்கேன் செய்தாலும் சில நூறு 'பிழை' காட்டும் மென்பொருள்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன். இவை சொல்லும் பிழை பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில்தான். அதில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். விண்டோஸ் தனக்கு வேண்டியதை மட்டும் நேராகப் போய் எடுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்காது. அதனால் சில ஆயிரத்தை நீக்கினாலும் வேகம் மாறாது. தவறானதை நீக்கினால் மட்டும் வம்பு வரும். உங்கள் தட்டச்சு மென்பொருளின் லைசென்ஸ் பதிவு அப்படித்தான் போயிருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

வேகப்பிரியன், 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே திருட்டு நிரலைப் புகுத்திவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே!

ஓய்வு_ஆசிரியர்:
'ஸ்கேன்' என்ற சொல்லுக்கே ஒரு மயக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசப் பரிசோதனை நடத்தினார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரம் குதிக்கிறதா என்கிற மாதிரி. ஒன்றுக்கு டிக் போட்டாலே மால்வேர் (தீய நிரல்) அறிகுறி என்று முடிவு வந்துவிடும். 2019-இல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. மெதுவாக இல்லாத கணினியை யார் பரிசோதனைக்குக் கொண்டு போவார்கள்?

டிடிபி_கடை:
பார்த்துவிட்டேன் தம்பி. சிபியு 9 சதவீதம், மெமரி 81. டிஸ்க் 100, இறங்கவே இல்லை. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட வரவில்லை. ஸ்டார்ட்-அப்பில் 14 இருக்கின்றன. முதலில் நிற்பது அந்த டியூன்-அப்!

ஸ்க்ரூடிரைவர்:
அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்-அப்பில் ஆன்டிவைரஸ், தட்டச்சு மென்பொருள் தவிர மற்றதை டிசேபிள் செய்யுங்கள். ஆனால் முக்கியமான விஷயம் அந்த 100. டிஸ்க் முழு மூச்சாக உழைக்கிறது, பலன் 1 எம்பி. இந்த லேப்டாப் டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி, அதற்கு மேல் ஊசி நகரும் நேரம். சின்னச் சின்ன ஃபைல்களை இங்கொன்று அங்கொன்றாகத் தேடினால் நல்ல டிஸ்க்குக்கே மூச்சு வாங்கும். உங்களுடையது உடம்பு சரியில்லாத டிஸ்க் என்று சந்தேகப்படுகிறேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். அதுவரை டீஃபிராக் பக்கமே போகாதீர்கள்.

டிடிபி_கடை:
மஞ்சளில் 'காஷன்' (எச்சரிக்கை) என்கிறது. 'கரன்ட் பெண்டிங் செக்டர்' வரிசையில் கடைசியில் 18.

ஸ்க்ரூடிரைவர்:
அது பதினாறை அடியாகக் கொண்ட எண், நம் கணக்கில் 24. அதாவது 24 இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது. எந்த டியூன்-அப்பும் இதற்கு மருந்தில்லை. இன்றைக்கே வேலை எடுக்காமல் வாடிக்கையாளர் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். செக் டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பை ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறகு பழைய டிஸ்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்), 256 ஜிபி போதும். குளோன் (பழைய டிஸ்கை அப்படியே நகலெடுப்பது) வேண்டாம், புதிதாகவே விண்டோஸ் போடுங்கள். மதர்போர்டு மாறாததால் அதே பதிப்பு பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ரேம் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்3எல்-ஆ என்று திறந்து பார்த்து வாங்குங்கள், ஆறாம் தலைமுறையில் இரண்டும் உண்டு. ஒரு குறை: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, உங்கள் சிப் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

டிடிபி_கடை (ஒன்பது நாள் கழித்து):
எஸ்எஸ்டி போட்டாயிற்று. 22 நொடியில் திறக்கிறது, ஊதுபத்தி ஏற்றவே நேரமில்லை. பழைய பத்திரிகை ஃபைல்கள் மூன்று மட்டும் வரவில்லை. தட்டச்சு மென்பொருள்காரர்கள் பில்லைப் பார்த்துவிட்டு லைசென்ஸ் எண்ணை மறுபடி கொடுத்தார்கள். பழைய டிஸ்கைப் பாடல் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாமா?

ஸ்க்ரூடிரைவர்:
அழிந்தாலும் கவலையில்லாத பாடல் என்றால் சரி. எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், ஊர் ஆதார் நகல் பாதி அதில்தான் இருக்கும்.

வேகப்பிரியன்:
நானும் என் டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். டிஸ்க் 2 சதவீதம். பக்கத்தில் எஸ்எஸ்டி என்று போட்டிருக்கிறது.

ஸ்க்ரூடிரைவர்:
பறந்தது அதனால்தான். வாராந்திர டீஃபிராக்கை நிறுத்துங்கள், எஸ்எஸ்டிக்கு வேண்டியதை விண்டோஸே செய்துகொள்ளும்.