விசுவாசத்தைக் கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா?

தணிக்கைக்காரன் (கேள்வி):

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று எதையும் விட்டதில்லை. தொழில் தணிக்கை. அடுத்தவர் புத்தகத்தில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. போன வருஷம் ஆட்குறைப்பில் வேலை போனது. இப்போது வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், அதனால் இது வேலைக்கான ஜெப விண்ணப்பம் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறு. வேலை போன அன்று எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அதுவும் மேலாளர் மேல் இல்லை, தேவன் மேல். "தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) ஒரு மாதம்கூட நிறுத்தியதில்லையே, எனக்கே இப்படியா?" என்று மனசுக்குள் ஒரு குரல். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால், காணிக்கை கொடுத்தால் வேலை நிலைக்கும் என்று யாராவது பிரசங்கித்தால் எதிர்த்து வாதாடுகிற ஆள் நான். வாய் ஒன்று பேசிக்கொண்டிருக்க, உள்ளே சத்தமில்லாமல் ஓர் ஒப்பந்தம் கிடந்திருக்கிறது. என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. தேவனுடைய கையெழுத்தைத்தான் காணோம்.

அப்புறம் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டு எடுத்தேன். இடது பக்கம் நான் விசுவாசிப்பதாகச் சொல்வது. வலது பக்கம் என் நடத்தை காட்டுவது. சில வரிகள் மட்டும் தருகிறேன்:

இடது: கர்த்தர் என் தேவைகளைச் சந்திப்பார். வலது: படுக்கும் முன் வங்கி இருப்பைப் பார்க்கிறேன். விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் இன்னொரு முறை பார்க்கிறேன்.

இடது: என் பாவங்களை மன்னித்துவிட்டார். வலது: கல்லூரி நாட்களில் செய்த ஒரு காரியத்துக்கு இன்றும் ஒவ்வொரு திருவிருந்திலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இடது: பரலோகம் உண்டு. வலது: காலி. அந்த நம்பிக்கை என் முடிவு எதையாவது மாற்றியதா என்று யோசித்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இதை எங்கள் ஜெபக்குழுவில் சொன்னேன். குழுத் தலைவர், "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5-ஐச் சொல்லி, அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடச் சொன்னார். கிழிக்கவில்லை. இரண்டு கேள்விகள். இப்படிப் பார்ப்பதே தேவனை நம்பாததற்கு அடையாளமா? இன்னொன்று, அந்த ஒப்பந்தம் செல்லாது என்றால் "தேவனை நம்புகிறேன்" என்று சொல்லும்போது அவரை எதற்காக நம்புகிறேன்?

அதிகாலைஜெபம்:

பிரதர், உங்கள் மனப்பாரம் புரிகிறது. ஆனாலும் குழுத் தலைவர் பக்கம்தான் நான். யாக்கோபு 1:6 சந்தேகப்படுகிறவனைக் கடலின் அலைக்கு ஒப்பிடுகிறது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு கேள்வியில் ஆரம்பித்தார். அது பத்தாகி, நூறாகி, இன்று அவர் விசுவாசத்திலும் இல்லை, அதை விட்டும் போகவில்லை. கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால்கூட "இப்போது ஜெபிப்பது நானா, என் பழக்கமா" என்று ஆராய்கிறார். ஆராய்ச்சிக்கு முடிவு என்று ஒன்று வேண்டாமா? நோட்டை மூடிவிட்டு முழங்காலில் நில்லுங்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:

தம்பி, நோட்டைக் கிழிக்க வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எல்லாக் கேள்விக்கும் "இயேசு" என்று பதில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைதான் என் கவலை.

முதலில் அதிகாலைஜெபம் சொன்ன யாக்கோபு வசனம். அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். ஞானம் குறைவாக இருக்கிறவன் தேவனிடம் கேட்கட்டும், அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று இருக்கிறது. அங்கே திட்டு வாங்குவது கேள்வி கேட்கிறவன் இல்லை. கேட்டுவிட்டு, கொடுப்பாரோ மாட்டாரோ என்று இரண்டு பக்கமும் சாய்கிறவன். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுல் கோபித்துக்கொண்டதாக ஒரு வார்த்தை இல்லை.

2 கொரிந்தியர் 13:5-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். "உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்பதை நம் ஊழியர்கள் பயமுறுத்தவே பயன்படுத்துகிறார்கள். அங்கே நடந்தது என்ன? கிறிஸ்து பவுலுக்குள் பேசுகிறாரா என்பதற்குக் கொரிந்து சபையார் அத்தாட்சி தேடினார்கள். அவர், என்னைச் சோதிக்கிறது இருக்கட்டும், உங்களைச் சோதித்துப் பாருங்கள் என்று திருப்பினார். இயேசு கிறிஸ்து உங்களுக்குள் இருக்கிறதை அறியீர்களா என்றும் அதே மூச்சில் கேட்கிறார். உள்ளே அவர் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை.

சரி, உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நம்பிக்கைக்கும் பக்கத்தில் இன்னொரு கேள்வி எழுதுங்கள்: இதை யார், யாருக்கு, எப்போது வாக்குக் கொடுத்தார்? தசமபாக வசனம் மல்கியா 3:10. தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள், ஆசீர்வாதம் பொழிவேனா இல்லையா என்று "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று தேவனே சொல்கிற இடம், அதனால் அது பெரிய வசனம்தான், குறைக்க மாட்டேன். ஆனால் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஒரு ஜனத்துக்கு, அவர்களுடைய விளைச்சலையும் பண்டசாலையையும் பற்றிச் சொன்னது. தனி ஒருவருடைய வேலைக்குக் காப்பீடு அதில் இல்லை. அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளி, அவருடைய கட்டளைகளைக் கைக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று சலித்துக்கொள்கிற ஆட்களும் வருகிறார்கள். வேலை போன அன்று உங்களுக்குள் கேட்ட குரல் புதுசு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் எரேமியா. 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வசனம் மாட்டாத சுவர் இல்லை. அதற்கு முந்தின அதிகாரத்தை வாசித்தீர்களா? அனனியா என்கிற தீர்க்கதரிசி எழும்பி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனமும் பொருள்களும் இரண்டு வருஷத்தில் எருசலேமுக்குத் திரும்பி வந்துவிடும் என்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறார். ஆனால் தேவன் சொன்னது 70 வருஷம். பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று கடிதம் போகிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போய் எருசலேமைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்துக்குள்தான் 29:11 இருக்கிறது. இரண்டு வருஷத்தை நம்பினவர்களுக்கும் விசுவாசம் இருந்தது. தேவன் சொல்லாததன் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்னொன்றும் பிடிக்கும், ஏனென்றால் அது கணக்கில் ஒளிந்திருக்கிற சின்ன வரி. 2 தீமோத்தேயு 4:20. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." எழுதுகிறவர் பவுல். அவருடைய உடலிலிருந்து கொண்டுபோன துணிகளாலேயே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அப்படிப்பட்டவர் கூட்டாளியை நோயோடு விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நாம்தான் சேர்ப்போம்.

எதற்காக நம்புவது என்று கேட்டீர்கள். ரோமர் 8:35-ஐ மெதுவாக வாசியுங்கள். உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். இவை வராது என்று பவுல் சொல்லவில்லை, வரும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறார். எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்பதுதான் வாக்கு. பசியையும் பட்டயத்தையும் நேரில் பார்த்தவர் அதை எழுதினார். அந்த வாக்கில் கையெழுத்து இருக்கிறது. தானியேல் 3-இல், சிலையைப் பணியாவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டியபோது மூன்று வாலிபரும் அப்படித்தான் பேசினார்கள்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம். அந்த "போனாலும்" சூளைக்கு வெளியே நிற்கும்போதே சொன்னது.

அந்தக் கல்லூரிக் காரியம் பற்றி ஒரு வார்த்தை. 1 யோவான் 1:9-இன்படி ஒரு தடவை அறிக்கையிட்டது போதும். அடுத்த திருவிருந்தில் அதற்கு நன்றி மட்டும் சொல்லுங்கள். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் அவரிடம் போங்கள், அது வேறு கணக்கு.

மாலைமணி:

நான் கத்தோலிக்கர், சகோதரரே. எங்கள் மரபில் நீங்கள் செய்வதற்குப் பெயரே உண்டு, ஆன்ம சோதனை. இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை செய்யச் சொன்னார். அவர் படைவீரராக இருந்தவர். 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்து, படுக்கையில் கிடந்தபோதுதான் தம்மையே கவனிக்கத் தொடங்கினார். வீரச் செயல்களைக் கனவு கண்டால் அப்போதைக்கு இனிக்கிறது, பிறகு வறட்சி. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் அந்த மகிழ்ச்சி பிறகும் நிற்கிறது. எந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பது அங்கே தொடங்கியது.

உங்கள் நோட்டில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. வலது பக்கம் முழுக்கப் பற்றாக்குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். இஞ்ஞாசியாரின் முறையில் முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவது பிறகுதான். அதையும் தனியாகத் தேடுவதில்லை, வெளிச்சம் தாரும் என்று கேட்டுவிட்டுத் தேடுகிறோம். இல்லாவிட்டால் அதிகாலைஜெபத்தின் நண்பரைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கால் மணி நேரம் போதும், எழுந்துவிடுங்கள். மனம் வறண்டிருக்கும் வேளையில், நல்ல வேளையில் எடுத்த தீர்மானங்களை மாற்றக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. கோபமாக இருக்கும் மாதத்தில் செபத்தை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள்.

தணிக்கைக்காரன்:

மாலைமணி சொன்னது சுருக்கென்று பட்டது. தணிக்கையில் கண்ணுக்குப் பற்றாக்குறை மட்டும்தான் தெரியும், பழக்கதோஷம். நேற்று வலது பக்கத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் கோபத்திலும் ஜெபத்தை நிறுத்தவில்லை, திட்டியதுகூட அவரிடம்தான். எழுதிக்கொண்டேன்.

பரலோகத்துக்கு நேரே இருந்த காலி இடமும் நிரம்பிவிட்டது, பாதி. முன்பு ஒரு நிறுவனத்தின் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தேன். போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்றாவது ஒருவர் முன்னால் நிற்க வேண்டும் என்ற நினைப்பு அப்போது இருந்தது. அது பரலோகத்தை நம்பியதாலா, உரிமம் போய்விடுமோ என்ற பயத்தாலா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அதனால் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

அனனியாவை நான் இதுவரை கவனித்ததே இல்லை, டீச்சர். எனக்கும் இரண்டு வருஷம்தான் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் பாக்கி. ஒப்பந்தம் செல்லாது என்று புத்திக்குப் புரிகிறது, கோபம் முழுதாகப் போகவில்லை. அது போகும்வரை "நீர் நல்லவர்" என்று பாடுவது பொய்யாகத் தோன்றுகிறது. பாடுவதா, வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

அதிகாலைஜெபம்:

பிரதர், துரோப்பீமு வசனத்தை நானும் இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன். நோட்டைப் பற்றி என் கருத்து பெரிதாக மாறவில்லை, கால் மணி நேரம் என்ற எல்லை இருந்தால் எனக்குச் சம்மதம். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:

இரண்டும் செய்யலாம், தம்பி. எரேமியா 20-ஐ எடுங்கள். ஏழாம் வசனத்தில், "கர்த்தாவே, என்னை இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்" என்று சண்டைக்கே போகிறார். நாள்தோறும் நகைப்புக்கு இடமானேன் என்கிறார். பதின்மூன்றில் "கர்த்தரைப் பாடுங்கள், கர்த்தரைத் துதியுங்கள்." அத்தோடு முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதி. பதினாலில் "நான் பிறந்தநாள் சபிக்கப்படுவதாக"! இந்த வரிசையை யாரும் சீர்படுத்தவில்லை, வேதத்தில் அப்படியே இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் துதி வசனம்கூடக் கிடையாது, இருளில் முடிகிறது. அதுவும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பாடுகிற வரி வாயில் வந்தால் பாடுங்கள். வராவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பாடுவார்கள், நீங்கள் நில்லுங்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எரேமியாவின் ஏழாம் வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள், உங்கள் சொந்த வார்த்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கிளம்புகிறேன், நாளைய பாடம் இன்னும் தயாராகவில்லை.