60 லிட்டர் பவளத் தொட்டியில் பச்சை முடிப்பாசி: தவறு எங்கே?

ஈசூன்வாசி:
வணக்கம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை ஏழு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். இரண்டு கோமாளி மீன்களும், பூப்போல் விரியும் பவள வகை உயிரியான சோவாந்தஸின் சில கூட்டங்களும், ஒரு யூஃபிலியா பவளமும் அதில் உள்ளன. நான்காம் மாதத்தில் பாறைகளின் மேற்புறத்தில் தலைகாட்டிய பச்சைப் பாசி இப்போது விரல் நீளத்திற்கு வளர்ந்து நீரோட்டத்தில் அலைகிறது. அதற்கடியில் சிக்கிய சோவாந்தஸ்கள் விரியாமல் மூடியே கிடக்கின்றன. சோதித்துப் பார்த்தால் நைட்ரேட் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), பாஸ்பேட் சுழியம். சத்தே இல்லாத நீரில் பாசி எதைத் தின்று வளர்கிறது? குழாய்நீரில் குளோரின்நீக்கி மருந்தைக் கலந்து, அதில்தான் உப்பைக் கரைத்து வாரம் 6 லிட்டர் மாற்றுகிறேன். சூட்டைத் தணிக்க வைத்த மின்விசிறியால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவியாகிறது. அதையும் அதே குழாய்நீரால் நிரப்புகிறேன். பாசி தின்னும் டர்போ நத்தைகள் ஆறேழு வாங்கி விடலாமா?

உப்புக்காற்று:
தாங்கள் போகிற போக்கில் சொன்ன மின்விசிறியில்தான் விடை இருக்கிறது. ஆவியாவது தூய நீர் மட்டுமே; அதில் கரைந்திருந்தவை தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் ஏழு மாதங்களில் 210 லிட்டர், அதாவது தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்றரை மடங்கு குழாய்நீர் உள்ளே போயிருக்கிறது. வாராந்திர நீர்மாற்றம் அந்தச் சேர்மானத்தில் ஒரு பங்கைத்தான் வெளியேற்றும். மாற்றாக ஊற்றுவதும் குழாய்நீரே. மேலும், சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின். மருந்து அதை முறித்தாலும் எஞ்சும் அம்மோனியா நுண்ணுயிரிகளால் கடைசியில் நைட்ரேட் ஆகிவிடும்.

பாஸ்பேட் சுழியம் என்பது, சம்பளம் வந்த அன்றே செலவாகிவிடும் வீட்டின் வங்கிக்கணக்கைப் போன்றது. வரவு இல்லை என்று பொருளல்ல, வந்ததைப் பாசி உடனே உறிஞ்சிவிடுகிறது. ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) கருவியுடன் டிஐ (அயனிநீக்கி) வடிகட்டியும் பொருத்தி, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) 0 காட்டும் நீரையே இனி பயன்படுத்துங்கள். ஆறேழு டர்போக்கள் 60 லிட்டரில் பட்டினியால் சாகும். அழுகும் உடல்கள் பாசிக்கே உரமாகும். கவிழ்ந்தாலும் தானே நிமிரக்கூடிய ட்ரோக்கஸ் நத்தைகள் இரண்டு போதும்.

கைலென்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் அது எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள். ஓர் இழையைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் சிறிது நீருடன் பரப்பி, உருப்பெருக்கியால் நோக்குங்கள். வெறும் நூலாக இருந்தால் சாதாரண முடிப்பாசி. நடுத்தண்டின் இருபுறமும் சிறகுபோல் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ் என்ற வேறு வகைப் பாசி. பெரும்பாலான நத்தைகள் அதைச் சீண்டுவதில்லை. அப்படியானால் மட்டும் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பற்றி யோசிக்கலாம். முடிப்பாசியைக் கண்டவுடன் மருந்தைக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

பழைய மீன்காரன்:
பதற்றத்தில் பாஸ்பேட் உறிஞ்சியை நிறையப் போட்டுவிடாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்மையிலேயே அற்றுப்போன நீரில், குமிழ்கள் கோத்த பழுப்புச் சளியாக டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒருசெல் உயிரிகள் கிளம்பக்கூடும். அவற்றோடு ஒப்பிட்டால் முடிப்பாசி சாது. நீர் மாற்றும் நாளில் எடுத்த பழைய கடல்நீரை வாளியில் வைத்து, பாறையை அதிலேயே பல்துலக்கியால் தேய்த்து, அலசித் திருப்பி வையுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் அறுந்த துணுக்குகள் வேறிடத்தில் வேர்பிடிக்கும். விளக்கை எட்டு மணி நேரத்திற்கு மேல் எரிய விட வேண்டாம்.

ஈசூன்வாசி:
அனைவருக்கும் நன்றி. டிடிஎஸ் அளவி வாங்கிச் சோதித்தேன். குழாய்நீர் 94 காட்டியது. தட்டில் பார்த்த இழையில் கிளைகள் இல்லை. நேற்று ஒரு பாறையை வாளியில் தேய்த்தபோது நீர் கீரைச்சாறுபோல் ஆகிவிட்டது. அடுத்த பாறையில்தான் சோவாந்தஸ் ஒட்டியிருக்கிறது. அதையும் இப்படியே தேய்க்கலாமா?

பழைய மீன்காரன்:
அதில் துலக்கியை வைக்காதீர்கள். சோவாந்தஸ் இனத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, சோவாந்தஸ் தலைகளுக்கு இடையிலுள்ள பாசியை மட்டும் இடுக்கியால் நீருக்கடியிலேயே பிடுங்குங்கள். அந்தப் பாறையில் வெந்நீரை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். எழும் ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.